‘அரேஞ்ச்’ என்ற ஆங்கில வினையைப் பிழையின்றி எழுத: படிப்படியான முழு வழிகாட்டி

அலுவலகக் கடிதம், பள்ளித் தேர்வுத் தாள், கல்யாண வீட்டுப் பேச்சு என்று எங்கே திரும்பினாலும் ‘அரேஞ்ச்’ என்ற ஆங்கில வினை எதிர்ப்படுகிறது. அதற்குப் பொருள் தெரியாதவர் அரிது. ஆனாலும் தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்குச் சேருபவர்களின் ஆங்கில வரைவுகளைத் திருத்தும்போது, நான் அடிக்கடி சிவப்பு மை இடுகிற சொற்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. பெரும்பாலான பிழைகள் இந்த வினையை ஒட்டி வரும் குட்டிச் சொல்லில்தான் நேர்கின்றன.

அதற்குக் காரணம் நம் வேற்றுமை உருபு. ‘அவருக்கு வண்டி’, ‘திங்கட்கிழமைக்குக் கூட்டம்’, ‘சாப்பாட்டுக்கு ஏற்பாடு’ என்று மூன்றையும் தமிழில் ‘கு’ ஒன்றே தாங்கிவிடுகிறது. அது பெயரோடு ஒட்டியே வருவதால் தனிச் சொல்லாக நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆங்கிலத்தில் அதே வேலையைப் பெயருக்கு முன்னால் நிற்கும் தனிச் சொல் செய்கிறது. மொழிபெயர்க்கும் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறோம், அல்லது தேவையில்லாத இடத்தில் நுழைத்துவிடுகிறோம்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பாருங்கள். நான்காவது படி பிடிபடாமல் ஐந்தாவதுக்குத் தாவினால் இரண்டும் குழம்பும்.

தொடங்கும் முன் தேவையானவை

பள்ளியில் படித்த எழுவாய், செயப்படுபொருள், வேற்றுமை உருபு ஆகிய மூன்றும் நினைவில் இருந்தால் போதும். வேறு இலக்கணச் சுமை வேண்டாம்.

அகராதி ஒன்று வேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதி ‘ஒழுங்குபடுத்து, ஏற்பாடு செய்’ என்று பொருளைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் கற்பவர்களுக்கென்றே வெளியிடும் அகராதிகளில் வினைக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்பதும் மாதிரி வாக்கியமும் இருக்கும். நமக்குத் தேவை அதுதான்.

நீங்கள் அண்மையில் எழுதிய நாலைந்து ஆங்கிலக் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அவை உதவும்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். குட்டிச் சொற்களைக் கண் தாண்டிப் போய்விடும், காது பிடித்துக்கொள்ளும்.

1. இரண்டு பொருளையும் முதலில் பிரியுங்கள்

இந்த வினைக்கு முதன்மையான பொருள் இரண்டு. பொருள்களை ஓர் ஒழுங்கில் வைப்பது ஒன்று: பூ, புத்தகம், மேசை நாற்காலி, எண்கள், பெயர்ப் பட்டியல். ஒரு காரியம் நடப்பதற்கு முன்கூட்டியே வழி செய்து வைப்பது மற்றொன்று: கூட்டம், பயணம், கடன், திருமணம்.

எழுதத் தொடங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பொருள் ஏற்கெனவே உங்கள் முன்னால் இருக்கிறதா, அதன் இடத்தை மட்டும் மாற்றுகிறீர்களா? அப்படியானால் முதல் பொருள். இனிமேல்தான் அது வரவேண்டும், நடக்கவேண்டும் என்றால் இரண்டாவது பொருள்.

இந்தப் பிரிவு ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்குப் பள்ளி ஆண்டு விழா நல்ல உதாரணம். ‘ஐ அரேஞ்ச்ட் த சேர்ஸ்’ என்று ஆசிரியர் எழுதினால், மைதானத்தில் கிடந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டார் என்று பொருள். ‘ஐ அரேஞ்ச்ட் ஃபார் சேர்ஸ்’ என்று எழுதினால், பந்தல்காரரிடம் சொல்லி நாற்காலிக்கு ஏற்பாடு செய்துவிட்டார் என்று பொருள். நடுவில் ஒரு ‘ஃபார்’ மட்டுமே வேறுபாடு. தலைமை ஆசிரியர் முதல் வாக்கியத்தைப் படித்தால் நாற்காலி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவார். உண்மையில் அது இன்னும் கடையில்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இசையில் மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. இருக்கும் ஒரு மெட்டை எந்தெந்த வாத்தியம் எங்கெங்கே வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதிக் கொடுப்பதையும் இதே வினையால் சொல்வார்கள். அந்தத் துறையில் இல்லாதவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

2. ஒலியையும் எழுத்தையும் சரிசெய்யுங்கள்

எழுத்துகள்: ஏ, ஆர், ஆர், ஏ, என், ஜி, இ. நடுவில் ‘ஆர்’ இரண்டு. கடைசியில் ‘ஜே’ கிடையாது.

முதல் ‘அ’ மிக மெலிதாக ஒலிக்க வேண்டும். அழுத்தம் ‘ரே’யில் விழும். நாம் முதல் எழுத்தை அழுத்திச் சொல்வதால்தான் வெளிநாட்டவர் காதில் இந்தச் சொல் சட்டென்று விழுவதில்லை. முடிவில் வரும் ஒலி, ‘மஞ்சள்’, ‘பஞ்சு’ என்று சொல்லும்போது ஞகரத்துக்குப் பின்னால் வரும் மெலிந்த ஒலியே. அதை வல்லோசையாக்க வேண்டாம். கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘அரேஞ்சு’ என்று நீட்டவும் வேண்டாம்.

இறந்த காலத்தில் இந்த உகரம் இன்னும் தொல்லை தருகிறது. ‘அரேஞ்ச்ட்’ இரண்டே அசை. ‘அரேஞ்சுடு’ என்று இழுத்துச் சொல்பவர்கள் அதிகம். ‘டி’ அல்லது ‘டீ’ ஒலியில் முடியும் ‘வாண்ட்’, ‘நீட்’ போன்ற வினைகளுக்குத்தான் இறந்த காலத்தில் ஓர் அசை கூடும். இந்த வினை அந்த ஒலியில் முடியவில்லை, ஆகவே கூடாது.

‘அரேஞ்சிங்’ என்று எழுதும்போது கடைசி ‘இ’ விழுந்துவிடும். ‘அரேஞ்ச்மென்ட்’ என்று எழுதும்போது விழாது. அடுத்து வருவது உயிரெழுத்தா மெய்யெழுத்தா என்பதுதான் காரணம்: ‘எம்’ என்ற மெய்க்கு முன்னால் ‘ஜி’ மென்மையாக ஒலிக்க அந்த ‘இ’ துணை நிற்க வேண்டும். அதை விட்டு எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளை ஊரெங்கும் பார்க்கலாம்.

3. செயப்படுபொருளை நேரே வையுங்கள்

எளிய அமைப்பு இதுதான்: வினை, உடனே செயப்படுபொருள். நடுவில் எதுவும் வராது.

‘ஷீ அரேஞ்ச்ட் த ஃப்ளவர்ஸ்’: அவள் பூக்களை அழகாக அடுக்கினாள். ‘வி அரேஞ்ச்ட் எ மீட்டிங்’: கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தோம்.

இரண்டாவது வாக்கியத்தின் தமிழில் ‘கூட்டத்துக்கு’ என்று ‘கு’ வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபார்’ வரவில்லை. இங்கேதான் முதல் சறுக்கல். கூட்டம், நேர்காணல், சந்திப்பு, பயணம், கடன், திருமணம் போன்றவை ஏற்பாட்டின் விளைவாகவே உருவாகிறவை. நீங்கள் ஏற்பாடு செய்ததால்தான் அந்தக் கூட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட பெயர்கள் வினைக்கு நேரே பக்கத்தில் உட்காரும்.

வண்டி, அறை போன்றவற்றுக்கு இரண்டு அமைப்பும் வரும். ‘அரேஞ்ச் எ கார்’ என்றும் எழுதலாம், ‘அரேஞ்ச் ஃபார் எ கார்’ என்றும் எழுதலாம். பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. நாற்காலி உதாரணத்தைப் போல இடம் மாற்றி வைப்பதாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கும் பெயர்களுக்கு மட்டும் ‘ஃபார்’ கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைச் செயப்படுபொருளாக நேரே வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ‘அரேஞ்ச் டூ லேபரர்ஸ்’ என்று நம் ஊர்க் கடிதங்களில் நிறைய வருகிறது. கூலியாட்கள் இருவரை வரிசையில் நிறுத்தச் சொல்வது போல அது ஒலிக்கிறது. ‘அரேஞ்ச் ஃபார் டூ லேபரர்ஸ் டு கம்’ என்றால் மனிதர்கள் மனிதர்களாகவே நிற்பார்கள்.

4. ‘ஃபார்’ எங்கே நிற்கும் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ‘ஃபார்’ மூன்று வேலை செய்கிறது.

முதல் வேலை, பயன்பெறுபவரைச் சுட்டுவது. ‘ஐ அரேஞ்ச்ட் எ கார் ஃபார் ஹிம்’: அவருக்கு வண்டி ஏற்பாடு செய்தேன். தமிழில் ‘அவருக்கு’ முன்னால் வருகிறது. அதே வரிசையில் ஆங்கிலத்தில் போட்டால் ‘ஐ அரேஞ்ச்ட் ஹிம் எ கார்’ என்று ஆகிவிடும். எழுத்து நடையில் இதை எழுதாதீர்கள். ‘கிவ்’, ‘செண்ட்’ போன்ற வினைகள் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்துத் தாங்கும்: ‘கிவ் ஹிம் எ கார்’ சரி. ‘அரேஞ்ச்’ அப்படி இரட்டைச் சுமை தாங்கும் வினை அல்ல. முதலில் பொருள், பிறகு ‘ஃபார்’, பிறகு ஆள்.

இரண்டாவது வேலை, நிகழ்வு நடக்கப்போகும் நாளைச் சுட்டுவது. இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. ‘திங்கட்கிழமைக்குக் கூட்டம் ஏற்பாடு செய்தோம்’ என்றால் கூட்டம் திங்கட்கிழமை நடக்கும். ‘திங்கட்கிழமை கூட்டம் ஏற்பாடு செய்தோம்’ என்றால் ஏற்பாட்டு வேலை அன்றைக்கு நடந்தது என்றும் கொள்ளலாம், கூட்டமே அன்றைக்கு என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்திலும் அச்சு அசலாக இதே நிலைமை. ‘வி அரேஞ்ச்ட் எ மீட்டிங் ஃபார் மண்டே’ ஐயத்துக்கு இடமில்லாதது. ‘ஆன் மண்டே’ என்றால் இரண்டு வகையாகவும் படிக்கலாம். தமிழில் ‘கு’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ‘ஃபார்’ எழுதுங்கள். நாள், தேதி, மணி எதுவானாலும் இந்தச் சோதனை செல்லும்.

மூன்றாவது வேலை, வேறொருவர் ஒரு செயலைச் செய்யும்படி நாம் வழிசெய்வது. ‘ஐ அரேஞ்ச்ட் ஃபார் த டிரைவர் டு கம் அட் சிக்ஸ்’: டிரைவர் ஆறு மணிக்கு வர ஏற்பாடு செய்தேன். இந்தத் தமிழ் வாக்கியத்தில் ‘டிரைவர்’ என்ற சொல்லோடு எந்த உருபும் இல்லை. எனவே ஆங்கிலத்திலும் ஒன்றும் போடாமல் ‘ஐ அரேஞ்ச்ட் த டிரைவர் டு கம்’ என்று எழுதிவிடுகிறோம். நான் பார்த்தவரை மிக அதிகமாக வரும் பிழை இதுவே. ‘டெல்’, ‘ஆஸ்க்’ ஆகிய வினைகள் இந்தப் பழக்கத்தை வளர்த்துவிடுகின்றன: ‘ஐ டோல்ட் த டிரைவர் டு கம்’ சரியான வாக்கியம், ஏனென்றால் டிரைவரிடம் நேரே சொன்னோம். ஏற்பாடு செய்யும்போது டிரைவரிடம் நாம் பேசியிருக்கவே வேண்டியதில்லை. டிராவல்ஸ் அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம். வினை டிரைவரைத் தொடவில்லை. தொடாத இடைவெளியை ‘ஃபார்’ நிரப்புகிறது.

5. செய்பவர் நீங்களே என்றால் ‘டு’

நான்காவது படியின் மூன்றாவது வேலையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தால் இது எளிது. ஏற்பாடு செய்தவரும் செயலைச் செய்யப்போகிறவரும் ஒருவரே என்றால் ‘ஃபார்’ வேண்டாம். ‘ஐ அரேஞ்ச்ட் டு மீட் த மேனேஜர்’: மேலாளரைச் சந்திக்க நான் ஏற்பாடு செய்துகொண்டேன். சந்திக்கப் போவதும் நான்தான்.

எனவே எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி: செயலைச் செய்யப்போவது யார்? எழுவாயே என்றால் ‘டு’. வேறொருவர் என்றால் ‘ஃபார்’, அவர் பெயர், ‘டு’.

இங்கே வரும் வழக்கமான பிழை ‘ஐ அரேஞ்ச்ட் மீட்டிங் த மேனேஜர்’. இந்த வினைக்குப் பின்னால் ‘இங்’ ஈற்று வினை வராது. ‘மீட்டிங்’ என்ற சொல்லே கூட்டம் என்று பெயராகவும் வருவதால் இந்தக் குழப்பம் கூடுகிறது. ‘எ மீட்டிங் வித் த மேனேஜர்’ என்று பெயராக்குங்கள், அல்லது ‘டு மீட் த மேனேஜர்’ என்று வினையாக்குங்கள்.

எப்போது, எங்கே, எப்படி என்ற சொற்களும் நேரே வரலாம். ‘வி ஹேவ் டு அரேஞ்ச் வென் டு மீட்’: எப்போது சந்திப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்திய அலுவலகக் கடிதங்களின் நிலையான தொடரான ‘கைன்ட்லி அரேஞ்ச் டு செண்ட்’ என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். இலக்கணப்படி அதில் குறை இல்லை. கடிதம் பெறுபவர் அனுப்பி வைக்க ஆவன செய்ய வேண்டும் என்று பொருள். ஆனால் அவரே உறையில் போட்டு அனுப்பக்கூடிய ஒற்றைத் தாளுக்கு இவ்வளவு சுற்று எதற்கு? ‘ப்ளீஸ் செண்ட்’ போதும். பல கைகள் மாறி நடக்க வேண்டிய காரியத்துக்கு மட்டும் ‘அரேஞ்ச்’ வைத்துக்கொண்டால் சொல்லுக்கும் மதிப்பு இருக்கும்.

6. யாரோடு பேசி முடித்தீர்களோ அவருக்கு ‘வித்’

‘ஐ அரேஞ்ச்ட் வித் த பேங்க் டு பே மந்த்லி’: மாதாமாதம் கட்டுவதாக வங்கியோடு பேசி ஏற்பாடு செய்துகொண்டேன். தமிழில் ‘வங்கியிடம்’ என்றும் சொல்கிறோம், ‘வங்கியோடு’ என்றும் சொல்கிறோம். ‘இடம்’ என்பதை மனத்தில் வைத்தால் ஆங்கிலத்தில் ‘டு த பேங்க்’ என்று கை தானாக எழுதும். ‘ஓடு’ போட்டு நினைத்தால் ‘வித்’ வந்துவிடும். இரு தரப்பும் சம்மதித்த ஏற்பாடு என்பதால்தான் ‘ஓடு’ உருபுக்குரிய சொல் வருகிறது.

7. வரிசைப்படுத்தும்போது ‘இன்’, ‘பை’, ‘இன்டு’

இனி முதல் பொருளுக்குத் திரும்புகிறோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தப் படியில் நின்று நிதானமாகப் பாருங்கள்.

வரிசையின் பெயரைச் சொன்னால் ‘இன்’. ‘அரேஞ்ச் த நம்பர்ஸ் இன் அசெண்டிங் ஆர்டர்’: எண்களை ஏறுவரிசையில் எழுதுக. ‘இன் ஆல்ஃபபெட்டிக்கல் ஆர்டர்’ என்றால் அகர வரிசையில். ‘இன் க்ரோனலாஜிக்கல் ஆர்டர்’ என்றால் கால வரிசையில். தமிழில் ‘இல்’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘இன்’.

எதை அடிப்படையாக வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்று சொன்னால் ‘பை’. ‘அரேஞ்ச் த புக்ஸ் பை சப்ஜெக்ட்’: புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்கு. தமிழில் ‘வாரியாக’ வரும் இடம் இது.

தமிழில் ‘அகர வரிசைப்படி’ என்றும் சொல்வதால் இரண்டையும் கலந்து ‘பை ஆல்ஃபபெட்டிக்கல் ஆர்டர்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆர்டர்’ என்ற சொல் வந்துவிட்டால் ‘இன்’தான். ‘ஆல்ஃபபெட்டிக்கலி’ என்று எழுதிவிட்டால் எந்தக் குட்டிச் சொல்லும் வேண்டாம்.

உருவத்தைச் சொல்லும்போதும் ‘இன்’: ‘இன் எ சர்க்கிள்’, ‘இன் எ ரோ’, ‘இன் ரோஸ்’. ஒரே வரிசை என்றால் ‘எ’ கட்டாயம். பல வரிசை என்றால் பன்மை. வெறும் ‘இன் ரோ’ கிடையாது. ஒன்றாகக் கிடந்ததைப் பிரித்துக் கூறுகளாக்கினால் ‘இன்டு குரூப்ஸ்’.

‘ரீ’ என்ற முன்னொட்டுச் சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் ஒழுங்கை மாற்றி அமைப்பது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் கலைந்து கிடக்கும் வாக்கியங்களைக் கோவையாக எழுதச் சொல்லும் கேள்வி ‘ரீஅரேஞ்ச்’ என்றுதான் தொடங்கும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழில் ‘சொற்களை ஒழுங்குபடுத்திச் சொற்றொடர் ஆக்குதல்’ என்று வருவதும் இதே வேலைதான். கூட்டத் தேதியை மாற்றும்போதும் இந்தச் சொல் பயன்படும்: ‘த மீட்டிங் ஹேஸ் பீன் ரீஅரேஞ்ச்ட் ஃபார் ஃப்ரைடே’. இங்கும் நாளுக்கு முன்னால் ‘ஃபார்’ நிற்பதைப் பாருங்கள்.

8. ‘ட்’ ஈற்றை விட்டுவிடாதீர்கள்

‘அரேஞ்ச் மேரேஜ்’ என்று பேச்சிலும் எழுத்திலும் ஊறிப்போயிருக்கிறது. ‘அரேஞ்ச்ட் மேரேஜ்’ என்பதே சரி. பெரியவர்களால் ஏற்பாடு செய்யப்பட்ட திருமணம் என்பதால் செயப்பாட்டுப் பொருள் தரும் ‘ட்’ வேண்டும். ‘லவ் மேரேஜ்’ என்பதில் ‘லவ்’ பெயர்ச்சொல். அதற்கு ஈறு தேவையில்லை. இரண்டையும் ஜோடியாகச் சொல்லிச் சொல்லியே இதன் ‘ட்’ தேய்ந்துவிட்டது.

செயப்பாட்டு வினையாக எழுதும்போதும் அப்படியே: ‘எ ரூம் ஹேஸ் பீன் அரேஞ்ச்ட் ஃபார் யூ’. திட்டமிட்டபடியே நடந்தது என்று சொல்ல ‘அஸ் அரேஞ்ச்ட்’ என்ற இரண்டு சொல் போதும். கடிதத்தில் அடக்கமாக அமரும் தொடர் அது.

9. பெயர்ச்சொல்லில் ஒருமையும் பன்மையும்

‘அரேஞ்ச்மென்ட்’ ஒருமையில் வந்தால் பெரும்பாலும் ஓர் அமைப்பு அல்லது ஓர் ஒப்பந்தம். தேர்வுக் கூடத்தில் ஒட்டியிருக்கும் ‘சீட்டிங் அரேஞ்ச்மென்ட்’ யார் எங்கே உட்கார வேண்டும் என்ற அமைப்பைக் காட்டுகிறது. வங்கித் தேர்வுகளில் வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைக்கும் புதிருக்கும் அதே பெயர்.

முன்னேற்பாடுகள் என்ற பொருளில் வந்தால் பன்மை: ‘டிராவல் அரேஞ்ச்மென்ட்ஸ்’, ‘செக்யூரிட்டி அரேஞ்ச்மென்ட்ஸ்’. தமிழில் ‘எல்லா ஏற்பாடும் செய்துவிட்டோம்’ என்று ஒருமையில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது பன்மையாகவே வரும்.

இதற்குரிய வினை ‘மேக்’. ‘செய்’ என்பதை நேராக மாற்றி ‘டு’ வினையைப் போட்டு ‘வி ஹேவ் டன் ஆல் அரேஞ்ச்மென்ட்’ என்று எழுதுவது நம் மண்ணின் பிழை. ‘வி ஹேவ் மேட் ஆல் த அரேஞ்ச்மென்ட்ஸ்’ என்று பழகுங்கள்.

10. வேறு சொல் பொருத்தமாக இருக்கும் இடங்கள்

இந்த வினையை எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டு போவதும் ஒரு சிக்கலே. சான்றிதழ் வேண்டும் என்றால் ‘இஷ்யூ’. டிக்கெட் என்றால் ‘புக்’. மாநாடு, விளையாட்டுப் போட்டி போல் பலர் சேர்ந்து நடத்தும் பெரிய நிகழ்ச்சி என்றால் ‘ஆர்கனைஸ்’. ஒலிபெருக்கி, கணினி போன்ற கருவிகளைப் பொருத்தி இயங்க வைப்பது ‘செட் அப்’.

‘சார்ட்’ என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணினியிலேயே பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் திரையில் வலது பொத்தானை அழுத்தினால் ‘அரேஞ்ச் ஐகான்ஸ் பை’ என்று வரும்; அதற்குள் பெயர், அளவு, வகை என்ற பட்டியல் இருக்கும். இப்போதைய விண்டோஸில் அந்தப் பட்டியல் ‘சார்ட் பை’ என்ற தலைப்புக்குக் கீழே போய்விட்டது. படங்களைத் தானாக இடம் பார்த்து அடுக்கும் வசதிக்கு மட்டும் ‘ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது. ஓர் அளவுகோலை வைத்து முன்பின் பிரிப்பது ‘சார்ட்’. எது எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று வைப்பது ‘அரேஞ்ச்’. பவர்பாயிண்டில் ‘அரேஞ்ச்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள்: ஒரு படத்தை முன்னால் கொண்டுவருவது, பின்னால் தள்ளுவது, நேராக்குவது என்று இடம் சார்ந்த கட்டளைகள்தான் வரும்.

இன்னொன்று. நாளைய சந்திப்பு ஏற்கெனவே பேசி முடிவானது என்றால் பேச்சு ஆங்கிலத்தில் இந்த வினையே தேவைப்படாது. ‘ஐ ஆம் மீட்டிங் த மேனேஜர் டுமாரோ’ என்று நிகழ்காலத் தொடர்வினையில் சொன்னாலே, ஏற்பாடு ஆகிவிட்டது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. இன்னும் பேசி முடிக்கவில்லை, எண்ணம் மட்டும் உண்டு என்றால் ‘ஐ ஆம் கோயிங் டு மீட்’ பொருந்தும்.

11. ஒரு கடிதத்தைச் சேர்ந்து திருத்துவோம்

கிளை அலுவலகத்திலிருந்து தலைமையகத்துக்கு எழுதும் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். தணிக்கையாளர் வருகிறார். வரைவு இப்படி இருக்கிறது:

‘கைன்ட்லி அரேஞ்ச் அஸ் எ ரூம். ஆல்சோ அரேஞ்ச் த டிரைவர் டு கம் ஆன் மண்டே. வி ஹேவ் டன் ஆல் அரேஞ்ச்மென்ட் டு த ஆடிட்டர். ப்ளீஸ் அரேஞ்ச் த பில்.’

முதல் வாக்கியத்தில் ஆளும் பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. நான்காவது படிப்படி ‘அரேஞ்ச் எ ரூம் ஃபார் அஸ்’ என்று ஆக வேண்டும்.

இரண்டாவதில் வருவது டிரைவர், கடிதம் பெறுபவர் அல்ல. ‘அரேஞ்ச் ஃபார் த டிரைவர் டு கம் ஆன் மண்டே’ என்று மாறும். இங்கே ‘ஆன் மண்டே’ அப்படியே இருக்கட்டும். அது ‘கம்’ என்ற வினையைச் சேர்ந்தது. நாளுக்கு முன்னால் எப்போதும் ‘ஃபார்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் சரியாக இருப்பதைக் கெடுத்துவிடுகிறார்கள். எந்த வினையோடு நாள் ஒட்டுகிறது என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

மூன்றாவதில் மூன்று திருத்தங்கள்: ‘டன்’ போய் ‘மேட்’, ஒருமை போய்ப் பன்மை, ‘டு த ஆடிட்டர்’ போய் ‘ஃபார் தி ஆடிட்டர்ஸ் விசிட்’. ஏற்பாடு அவருடைய வருகைக்கு என்பதால் வருகை என்ற சொல் வெளிப்படையாக வந்தால் தெளிவு.

நான்காவதில் ‘அரேஞ்ச்’ தேவையே இல்லை. ‘ப்ளீஸ் செண்ட் த பில்’.

12. பயிற்சி செய்யும் முறை

எடுத்து வைத்த உங்கள் பழைய கடிதங்களை இப்போது விரியுங்கள். இந்த வினை வரும் ஒவ்வோர் இடத்திலும் அடிக்கோடிட்டு, அடுத்து நிற்கும் சொல்லை வட்டமிடுங்கள். பிறகு அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘கு’ வந்தால் அது யாருக்கு, எந்த நாளுக்கு, எதற்கு என்று ஓரத்தில் எழுதுங்கள். உருபே வராமல் ஓர் ஆளின் பெயர் வந்தால், செயலைச் செய்யப்போவது அவரா என்று பாருங்கள். ‘ஃபார்’ விடுபட்ட இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

புதிதாக எழுதும்போது ஒரே நாளில் எல்லா அமைப்புகளையும் முயல வேண்டாம். முதலில் ‘ஃபார்’, ஆள், ‘டு’ என்ற அமைப்பில் மட்டும் உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் உண்மையாகவே நடந்தவற்றை எழுதுங்கள்: பிளம்பர் வந்தது, சிலிண்டர் வந்தது, உறவினரை ரயில் நிலையத்திலிருந்து யாரோ அழைத்து வந்தது. கற்பனை வாக்கியத்தில் யார் எதைச் செய்தார்கள் என்பது மங்கலாக இருக்கும்; நடந்த விஷயத்தில் அது ஐயமின்றித் தெரியும். இந்த அமைப்பு யோசிக்காமல் கைக்கு வந்த பிறகு ‘டு’ மட்டும் வரும் வாக்கியங்களுக்குப் போங்கள், அதன் பின் ‘வித்’. வரிசைப்படுத்தும் பொருளுக்கான ‘இன்’, ‘பை’ இரண்டையும் வீட்டுப் புத்தக அலமாரியின் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம்.